செவ்வாய்க்கிழமை மன்றத்தின் செக்ரட்டரி

கல்லூரியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியர்கள், கேன்டீன்காரர், வாசலில் உட்கார்ந்திருக்கும் நேபாளிக் காவலாளி, எல்லோருக்கும் அவள் செக்ரட்டரிதான். ஒரே அறையில் அவளோடு இருந்த நான் மட்டும் எங்கள் திருநெல்வேலிப் பழக்கத்தில் ‘ஏட்டி’ என்பேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அர்த்தமெல்லாம் இல்லை, கூடப் படிக்கிறவளை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். “அப்ப அப்படியே கூப்பிடு” என்றாள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. ஊரில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற ஒரு பெரிய கல்லூரி, துபாய்க்கு வெளியே மணல்வெளியின் ஓரத்தில் ஒரு கிளை திறந்திருந்தது. நாலு மாடிக் கட்டடம், பின்னால் பெண்கள் விடுதி, சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அம்மா இறந்த பிறகு என்னை ஊரில் தனியாக விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவர் அல் ஐனில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கடையில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி கொடுத்த ரூமில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்தார். பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னை வரவழைத்தவரால் விடுதியில்தான் சேர்க்க முடிந்தது.

அவள் கதையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவள் துபாயிலேயே பிறந்தவள். அல் குசைஸில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் வளர்ந்தவள். வாப்பாவுக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். அல் குசைஸிலேயே துணிக்கடை வைத்திருந்தார். வாடகை ஏறிக்கொண்டே போன வருஷங்கள் அவை. ஃப்ளாட்டைக் காலி செய்து, உம்மாவையும் தம்பிகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, கடைக்கு மேலே இருந்த ரூமில் வேலையாட்களோடு தானும் ஒரு கட்டில் போட்டுக்கொண்டார். மகள் படிப்பை முடிக்கட்டும் என்று விடுதியில் விட்டார். பிறந்து வளர்ந்த ஊரில், போய்க் கதவைத் தட்ட அவளுக்கு ஒரு வீடு இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவைப் பார்க்கப் போவாள். ஆண்கள் தங்கும் ரூம் என்பதால் மாடி ஏற முடியாது. ஜும்மா தொழுகை முடிந்து, சாயங்காலம் கடை திறப்பதற்கு முன்னால், பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்கு உள்ளே இரண்டு பேரும் கவுண்டரில் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாள். வாப்பா அதிகம் பேசாத மனிதர். கறியை எங்கள் இலைப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி, உம்மா போன் பேசினாளா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். முதல் வாடிக்கையாளர் குனிந்து உள்ளே வந்ததும் அவள் எழுந்துகொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னலைக் காட்டி, “அதான் எங்க வீடு” என்றாள். அந்த ஜன்னலில் யாருடையதோ சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது கேன்டீன் விஷயமாகத்தான் இருக்கும். யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்துவிடுவாள். பேசவும் மாட்டாள். தான் பாட்டுக்குச் சாப்பிடுவாள். அவர்களாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வாள். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். ஹைதராபாத்துக்காரி ஒருத்தி, தனக்குத் தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கும், தயவுசெய்து வராதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். இவள் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் அடுத்த மேசையில், அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. “என்னட்டி இது?” என்று கேட்டேன். “பக்கத்துல ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும்” என்றாள்.

அப்படிப்பட்டவள் தனக்கு ஒன்று என்றால் ஆளையே பக்கத்தில் சேர்க்கமாட்டாள். ஒரு முறை அவளுக்கு அம்மை போட்டது. எனக்குத் தொற்றிவிடும் என்று வார்டனிடம் சொல்லி, பழைய மெத்தைகள் போட்டு வைத்திருந்த கீழ் அறைக்குத் தானே போய்ப் படுத்துக்கொண்டாள். வாப்பாவிடம் பரீட்சை என்று சொல்லி, அந்த வெள்ளிக்கிழமைகளில் போகவில்லை. நான் கஞ்சியைக் கதவோரம் வைத்துவிட்டு நிற்பேன். உள்ளேயிருந்து, “வச்சிட்டுப் போ. நிக்காத” என்று குரல் மட்டும் வரும். விடுதியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஈரத் துணியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்கிறவள் இவள். எனக்கு அப்போது கோபமாகத்தான் இருந்தது.

அவள் செக்ரட்டரி ஆன கதையைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் வில்லாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் பையன்களுக்கு விடுதி கிடையாது. வசதியுள்ளவர்கள் சேர்ந்து ஷார்ஜா பக்கம் வில்லா வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு பெயர், ஒரு தலைவன், ஒரு கூட்டம். அமெரிக்கப் படங்களில் வருகிற கல்லூரிச் சகோதரக் கூட்டங்களைப் பார்த்து அதேபோல நடத்தினார்கள். கல்லூரி பஸ் நாலு மணிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் டாக்ஸிகூட வராது. வில்லாவில் சேர்ந்தவனுக்குக் காரில் இடம் உண்டு, பழைய வினாத்தாள் உண்டு, கேன்டீனில் உட்கார மேசை உண்டு. சேராதவன் வெயிலில் நிற்க வேண்டியதுதான். சேர்வதற்கு ‘வெல்கம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் என்ன செய்வார்கள் என்று சேர்ந்தவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. பெண்கள் சேர முடியாது. ஏதாவது ஒரு வில்லாவுக்கு ‘சிஸ்டர்’ என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு பக்கம் விவாத மன்றம். தாய்க் கல்லூரியில் பல தலைமுறையாக நடந்துவந்த மன்றத்தின் கிளை. ஊரிலிருந்து பழைய விதிகளை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் முன்மொழிய வேண்டும். பிறகு ஒரு மரப்பெட்டியில் ஆளுக்கு ஒரு பாசிமணி போடுவார்கள். வெள்ளை மணி என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு மணி விழுந்தாலும் அந்த ஆள் கிடையாது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுவார்கள். ஒரு வேனில் அடங்கிவிடுகிற கூட்டம். ஊரிலிருந்து பார்வையிட வந்தவர்கள், மன்றத்தில் பெண்களே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பொறுப்புப் பேராசிரியர் அவசரமாக எங்கள் வகுப்புக்கு வந்து, ஆங்கிலம் நன்றாக எழுதுகிறாள் என்று இவளைக் கூட்டிப்போய் செக்ரட்டரி ஆக்கிவிட்டார். நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு பெண் என்பதுதான் அவர்கள் கணக்கு.

முதல் கூட்டத்திலேயே அவள் அந்த மரப்பெட்டியைத் திறந்து, மணிகளைக் கொட்டிவிட்டு, டீத்தூள் பொட்டலங்களையும் சர்க்கரையையும் அடுக்கி வைத்தாள். மாணவர்கள் யாராக இருந்தாலும் வரலாம், வந்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், இனி ஓட்டு கிடையாது என்றாள். கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பேராசிரியரிடம் போனார்கள். அவர் இவளைக் கூப்பிட்டு, இத்தனை வருஷத்து மரபு என்று சொல்லிப் பார்த்தார். அந்த மரபில் மற்றதெல்லாம் இருக்கட்டும் சார், ஆளை வெளியே நிறுத்துவதை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றாளாம். கோட்டுக்காரர்களில் பாதிப்பேர் விலகிப் போனார்கள்.

கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினாள். பஸ்ஸில் போகிறவர்களும் வர வேண்டும் என்பதுதான் காரணம். எந்த மொழியிலும் பேசலாம், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பழைய வினாத்தாள்களைச் சேர்த்து மன்றத்து அலமாரியில் வைத்தாள். அதற்குப் பூட்டு போடவில்லை. பெஷாவர்க்காரர் ஒருவரின் மினி பஸ்ஸைப் பேசி, ஆறு மணிக்கு அல் குசைஸுக்கும் ஷார்ஜாவுக்கும் ஒரு நடை ஏற்பாடு செய்தாள். யாரும் வில்லாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வில்லாவில் சேராமலும் படித்துவிட முடியும் என்று ஆகிப்போனது.

கூட்டம் பெருகியது. நாற்காலிகள் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டு, எட்டிப் பார்த்துத் தயங்குகிறவர்களிடம், “உள்ள வாங்க, எடம் இரிக்கிது” என்பாள். அந்த ‘இரிக்கிது’ அவள் உம்மாவின் பேச்சு. மலையாளிப் பையன்கள் அதை அவளைப் போலவே சொல்லிக் கேலி செய்வார்கள். இடமே இல்லாதபோதும் அவள் அப்படித்தான் சொல்வாள். வந்தவர்கள் எப்படியோ நெருக்கி உட்கார்ந்துவிடுவார்கள். அவள் மட்டும் கடைசிவரை வாசலில் நின்றபடியே சாப்பிடுவாள்.

பெண்கள் விடுதி வாசலை எட்டு மணிக்குப் பூட்டுவது யாருக்காக என்று ஒரு நாள் விவாதம். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புவோமா என்று இன்னொரு நாள். அன்று பேசாதவர்களே இல்லை. சொந்த ஊரான லாகூரைப் பார்த்தே இராத ஒரு பெண் லாகூரைப் பற்றிப் பேசி அழுதாள். நானும் எழுந்து, அம்மா இல்லாத வீட்டுக்குத் திரும்ப எனக்குப் பயமாக இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். செக்ரட்டரியும் பேச வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். செக்ரட்டரிக்கு இந்த வேலையே சரியாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். எந்தத் தலைப்பிலும் அவள் பேசியதில்லை. அறைக்கு வந்ததும், “ஏட்டி, ஒனக்குச் சொல்லுததுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சொல்லி முடிக்கட்டும். பாக்கி ஏதும் இருந்தா சொல்றேன்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் வருஷத்தில் சேர்ந்தான். நல்ல மார்க் வாங்கியதால் சலுகைக் கட்டணத்தில் இடம் கிடைத்து வந்தவன். அவன் அப்பா தோஹா தொழில்பேட்டையில் லாரி மெக்கானிக். பையன் அல் குசைஸில் ஊர்க்காரர்கள் ரூமில் ஒரு கட்டிலில் தங்கி, மினி பஸ்ஸில் வந்துபோனான். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவான். அதே சமயம் வில்லாக்காரர்களின் கார்களையும் பார்த்துக்கொண்டே இருப்பான். செக்ரட்டரி அதைக் கவனித்திருந்தாள். அவன் வயதில் அது இருக்கத்தான் செய்யும் என்றாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அவனை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செக்ரட்டரி அப்போது கல்லூரி வாசலில் நின்றிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, சும்மா ஒரு ரவுண்டு அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அந்தக் கார் யாருடையது என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து ரொம்ப தூரம் உள்ளே மணலில் கொண்டுபோய், செருப்பையும் போனையும் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தால் அவன் வில்லாவில் ஒருத்தன். அதுதான் வெல்கம்.

அவன் திசை தெரியாமல் வேறு பக்கம் நடந்திருக்கிறான். ஒட்டகப் பண்ணையில் வேலை செய்யும் வங்காளி ஒருவர் மயங்கிக் கிடந்தவனைப் பார்த்து, முதலாளியின் பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு உள்ளங்காலும் வெந்து தோல் உரிந்திருந்தது. அவன் யார் காரில் ஏறிப் போனான் என்று கேட்டவர்களிடம் செக்ரட்டரி மறைக்கவில்லை.

நாங்கள் பார்க்கப் போனபோது தோஹாவிலிருந்து அவன் அப்பா வந்திருந்தார். அவசர லீவில் வந்தவர், கையில் ஒரு பிளாஸ்டிக் பைதான். கட்டிலில் பையன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அப்பா எங்களை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். கல்லூரியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் தானாகவே நடக்கப் போனான் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பதிலுக்கு, படிப்பு முடியும்வரை அவனுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“தாயி, நீ பாத்தது நெசம்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர். “எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். ஆனா இவன் இங்கதான் படிச்சு முடிக்கணும். ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, அப்புறம் என்னைய மாதிரி லாரிக்கு அடியிலதான் கெடப்பான்.”

“அவன் பேரை நான் எங்கயும் எடுக்க மாட்டேன் மாமா. ஆனா நான் பாக்கலன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க” என்றாள்.

“சொல்ல மாட்டேன் தாயி” என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் நேராகக் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கினாள். என்ன பேசினார்கள் என்பதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். அதிகாரி ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். வில்லாக்களைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறோம், உங்கள் மன்றத்தையே கல்லூரியின் அதிகாரபூர்வ மாணவர் அமைப்பாக ஆக்குகிறோம், பெரிய ஹாலைத் தருகிறோம் என்றாராம். அன்று வாசலில் எந்தக் காரையும் பார்க்கவில்லை என்று அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அவள் மறுத்துவிட்டாள். மறுத்தால் மன்றத்தை மூட வேண்டியிருக்கும் என்று அவர் அதே மரியாதையோடு சொன்னாராம்.

எனக்குப் பதறியது. ஒரு வரிதானே, பையனே எழுதிக் கொடுத்துவிட்டானே, நீ எழுதினால் என்ன, இத்தனை பேர் வந்து உட்கார ஓர் இடம் இருக்குமே என்றேன்.

“அவன் எழுதலாம். அவனுக்கு வேற வழி இல்ல. நான் எழுதிட்டா, அடுத்த வாரம் கூட்டத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?” என்றாள். டீயைக் குடிக்காமலேயே வைத்துவிட்டாள்.

மன்றத்து அறைக்குப் பூட்டு விழுந்தது. அலமாரி வினாத்தாள்களோடு உள்ளேயே போய்விட்டது. மினி பஸ்ஸைக் கல்லூரி வளாகத்துக்குள் விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பேர் பூட்டிய அறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. தேர்வு நெருங்கியது, வினாத்தாள் வேண்டும், வீட்டுக்குப் போக வண்டி வேண்டும். ஒவ்வொருவராக வில்லாக்களின் பக்கம் போனார்கள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. கால் ஆறியதும் அந்தச் சிவகங்கைப் பையனே அதே வில்லாவின் காரில் வந்து இறங்கினான். வாசலில் இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்று மட்டும் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேன்டீன் பக்கம் வரவில்லை.

அந்தப் பருவத்தில் எனக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் லேப் இருந்தது. அதனால் அவள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மின்சாரக் கோளாறால் லேப் ரத்தாகிவிட்டது. படி இறங்கி வரும்போது பார்த்தேன். பூட்டிய அறைக் கதவில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தாள். வராந்தாவில் போகிற வருகிறவர்கள் கொஞ்சம் விலகி நடந்தார்கள். ஒன்றிரண்டு பேர் தலையசைத்தார்கள். அவள் சாப்பிடவில்லை. லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வாராவாரம் இங்கதான் இருக்கியா?”

“ம்.”

“யாருமே வரமாட்டாங்கன்னு தெரியும்லா. பெறவு எதுக்கு?”

“புதுசா யாராவது கேள்விப்பட்டு வந்து, பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடக் கூடாதுல்ல” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று நான் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அந்தப் பருவம் முடியும்வரை எனக்குத் தெரிந்து அங்கே புதிதாக யாரும் வரவில்லை.

எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு ஒரு வில்லாவில் நடந்த சண்டை போலீஸ் வரைக்கும் போய், இரண்டு பையன்களின் விசா ரத்தானது. ஊரிலிருந்து புதிய நிர்வாக அதிகாரி வந்தார். வில்லாக் கூட்டங்கள் எதற்கும் கல்லூரிக்குள் இடமில்லை, எல்லா மாணவருக்கும் பொதுவாக ஒரே மன்றம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பழைய மன்றத்தின் விதிகளைத் தேடி எடுத்தார்கள். கிடைத்தது செக்ரட்டரி திருத்தி எழுதியவைதான். அவற்றையே தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார்கள். கீழே யார் பெயரும் இல்லை. தேர்தல் நடந்தது. சிவகங்கைப் பையன் தலைவரானான். வில்லாவில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் அவனுக்கு ஓட்டுப் போட்டார்கள். கால் வெந்த கதை எழுதப்படாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் அப்போது கடைசிப் பருவத்தில் இருந்தோம். ஒரு நாள் அவன் கேன்டீனில் அவளைத் தேடி வந்தான். விதிகளில் சில சந்தேகங்கள் என்று தாளை விரித்தான். ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். பெண்களும் வரத் தோதாக நேரம் வைக்க வேண்டும், மினி பஸ்ஸைத் திரும்பப் பேச வேண்டும், பெஷாவர்க்காரரின் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் அவன் நிறுத்தி, “அக்கா, அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது...” என்று ஆரம்பித்தான். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இந்த வரி நீளமா இருக்கு. ரெண்டாப் பிரிச்சு எழுது” என்றாள். அவன் பிரித்து எழுதினான். கிளம்பும்போது, தொடக்க விழாவுக்கு நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். பார்க்கலாம் என்றாள்.

வாப்பா கடையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்ப முடிவு செய்திருந்தார். கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் இரண்டு பேருக்கும் டிக்கெட். விடுமுறைக்குப் போய் வந்த ஊரில் இனிமேல் அவள் இருக்க வேண்டும். போன பிறகு கொஞ்ச நாள் மெயில் எழுதினாள். தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது, எனக்குத்தான் யாரையும் தெரியவில்லை என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். பிறகு கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். மெயில் நின்றுபோனது. நானும் அல் ஐனில் வேலைக்குச் சேர்ந்து, என் வாழ்க்கையின் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டேன். அவளை மறுபடி நான் பார்க்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மன்றத்தின் தொடக்க விழா அமைந்தது. நான் புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்றேன். பெட்டி அடுக்க வேண்டும் என்றாள். விழா முடிந்து வந்து நானும் கூட இருந்து அடுக்குகிறேன், இதெல்லாம் நீ செய்தது, ஒரு தடவையாவது போய் உட்கார் என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

“நான் முன்னால உக்காந்திருந்தா அவன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பேசணும்டி. அவனால முடியாது. மேடையில நின்னு அழுதுருவான். எல்லாரும் அவனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவன் இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருக்கணும்” என்றாள்.

நான் மட்டும் போனேன். ஹால் நிறைந்திருந்தது. சுவரோரம் நின்றவர்களே ஏராளம். முன்வரிசையில் ஒரு நாற்காலியை அவன் யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தான். பேச எழுந்ததும் அந்த நாற்காலியைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான், அதன் பின் பேச ஆரம்பித்தான். தமிழில் பேசினான். ஒரு மலையாளிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவன் இறங்கி வந்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தாமதமாக வந்த ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னான்.

நான் திரும்பி வந்தபோது அறை சுத்தமாக இருந்தது. அவள் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தவை எல்லாம் எடுக்கப்பட்டு, வெளிறிய சதுரங்கள் மட்டும் தெரிந்தன. பெட்டியை மூட முடியாமல் அவள் அதன்மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நெறைய பேர் வந்தாங்களா?” என்று கேட்டாள்.

“நிக்கக்கூட எடமில்லட்டி.”

“அவன் நல்லாப் பேசினானா?”

“நல்லாப் பேசினான்.”

“அழலையே?”

“இல்ல” என்றேன்.

“அது போதும்” என்றாள். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. நான் போய் அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.